புதிய ஆய்வுகளும் கேஸ் ரிப்போர்ட்டுகளும்: பொதுப் பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொத்தை, ஈறு, ரூட் கெனால், ஞானப்பல் என்று எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் பார்க்கிறவர்களுக்கான பக்கம் இது. எல்லா இதழ்களையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. நாளை வரப்போகும் நோயாளிக்குச் செய்வதை எந்த ஆய்வு மாற்றுகிறது, எது மாற்றவில்லை என்ற கோணத்தில் மட்டுமே இங்கே பதில்கள் இருக்கின்றன.

கேஸ் ரிப்போர்ட் ஆதாரங்களிலேயே பலவீனமானது என்றுதானே கல்லூரியில் சொன்னார்கள்? அதை ஏன் படிக்க வேண்டும்?

சொன்னது சரிதான். ஒரு சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்குக் கேஸ் ரிப்போர்ட்டால் பதில் சொல்ல முடியாது. ஒருவருக்குப் பலித்தது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு பாதிப்பைப் பெரும்பாலும் முதலில் சொல்வது அதுதான்.

2003ல் ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய், தாடை அறுவை மருத்துவர் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார். பிஸ்பாஸ்போனேட் வகை எலும்பு மருந்துகளான பாமிட்ரோனேட் அல்லது சோலெட்ரோனேட் ஊசி போட்டுக்கொண்ட 36 பேருக்குத் தாடையெலும்பு வெளியே தெரிகிறது, ஆறவில்லை என்பதுதான் சேதி. ஒப்பிட இன்னோர் அணி இல்லை. அடுத்த ஆண்டே ருகியரோ குழு 63 பேரைப் பற்றி எழுதியது. மருந்து நிறுவனங்களின் பெரிய சோதனைகள் எலும்பு முறிவு போன்றவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்து பார்ப்பது அவற்றின் வேலையாக இல்லை. பல் எடுத்த குழி ஆறாமல் நோயாளி திரும்பி வந்தது பல் மருத்துவர்களிடம்தான். (19ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியை மூச்சில் இழுத்தவர்களுக்கும் தாடை இப்படித்தான் அழுகியது. 1906ல் பெர்ன் உடன்படிக்கை அந்தப் பாஸ்பரஸையே தடை செய்தது.)

ஆகவே, "இப்படிச் செய்தேன், அருமையாக வந்தது" என்கிற ரிப்போர்ட்டை வேகமாகத் தாண்டுங்கள். "இப்படி ஆனது, ஏனென்று முதலில் புரியவில்லை" என்கிற ரிப்போர்ட்டை நிறுத்திப் படியுங்கள்.

தாடையெலும்பு அழுகல் விஷயத்தில் சாதாரண கிளினிக்கில் இன்று என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர் சங்கத்தின் 2014 அறிக்கை, பெயரிலிருந்து பிஸ்பாஸ்போனேட்டை எடுத்துவிட்டு "மருந்து சார்ந்த" என்று மாற்றியது. டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு மருந்து, ரத்த நாள வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் ஆகியவற்றிலும் இது வந்ததுதான் காரணம். கடைசித் திருத்தம் 2022ல் வந்தது. வரையறையில் உள்ள நிபந்தனைகள்: இந்த மருந்துகளில் ஒன்றை இப்போதோ முன்போ எடுத்திருக்க வேண்டும், எலும்பு வெளியே தெரிய வேண்டும் அல்லது புரையில் ப்ரோப் (அளவுக் கம்பி) விட்டால் எலும்பு தட்டுப்பட வேண்டும், அது 8 வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கக் கூடாது, புற்றுநோய் அங்கே பரவியிருக்கவும் கூடாது.

நடைமுறையில் சறுக்குவது கேள்வி கேட்கும் இடத்தில்தான். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் நோயாளி ரத்த அழுத்த மாத்திரையைச் சொல்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியோ ஆண்டுக்கு ஒருமுறை ஏறும் சோலெட்ரோனேட் டிரிப்போ அவர் கணக்கில் மாத்திரையே இல்லை. "எலும்புக்கு எப்போதாவது ஊசி போட்டிருக்கீங்களா, டிரிப் ஏத்தியிருக்கீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள்.

எலும்புத் தேய்வுக்காக மாத்திரை எடுப்பவர்களிடம் இந்த ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அதற்குப் பயந்து எடுக்க வேண்டிய பல்லை எடுக்காமல் விட்டால் சீழே அந்த எலும்பைக் கெடுக்கும். புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போடுபவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல். அவர்களுக்கு மருந்து தொடங்கும் முன்பே வாயைச் சரிசெய்துவிடுவதுதான் நல்லது. பல் எடுப்பதற்காக மருந்தைச் சில மாதம் நிறுத்துவதில் 2022 அறிக்கையை எழுதியவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. டெனோசுமாபை நாமாக நிறுத்தச் சொல்லவே கூடாது. அடுத்த ஊசி தள்ளிப்போனால் முதுகெலும்பு முறிவுகள் வரலாம் என்பது நன்கு பதிவான ஒன்று. அந்த முடிவு மருந்தை எழுதிய மருத்துவருடையது.

கீழ் ஞானப்பல்லைப் பிளக்கும்போது கன்னம் திடீரென்று வீங்கிவிட்டது. அலர்ஜியா?

கையை வைத்துப் பாருங்கள். தோலுக்கடியில் நறநறவென்று நொறுங்குவது போல் விரலுக்குத் தட்டுப்பட்டால் அது காற்று. அலர்ஜி வீக்கத்தில் இந்த நறநறப்பு இருக்காது. பெரும்பாலும் அரிப்பு, தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம் கூட வரும். ஹெமடோமாவாக (தேங்கிய ரத்தம்) இருந்தால் நிறம் மாறும், தொட்டால் கனமாக இருக்கும்.

தோலடிக் காற்று வீக்கம் பற்றிய கேஸ் ரிப்போர்ட்டுகளுக்கு நூறாண்டுக்கு மேல் வயது. முதலாவதாக எல்லோரும் காட்டுவது 1900ல் டர்ன்புல் எழுதியது: பல் எடுத்துக்கொண்ட ஒருவர் அதன் பிறகு ஊதுகொம்பு வாசித்ததும் முகம் வீங்கிவிட்டது. காற்றில் சுழலும் ஏரோட்டர் டிரில் வந்த பிறகு கொம்பு தேவைப்படவில்லை. அதன் காற்று முன்பக்கமாக, திறந்து வைத்த ஃபிளாப்புக்கு (ஈறு மடல்) அடியில் போகிறது. காற்றும் தண்ணீரும் பீச்சும் த்ரீ-வே சிரிஞ்சாலும் ஏர் பாலிஷிங்காலும் இதே விளைவு வந்ததாக ரிப்போர்ட்டுகள் உண்டு. கீழ்த் தாடையின் பின்பகுதியிலிருந்து கழுத்துத் திசு அடுக்குகள் வழியாகக் காற்று மார்பு வரை இறங்க வழி இருக்கிறது.

வேலையை நிறுத்துங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குரல் மாற்றம், விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக வடியும். மூக்கைச் சிந்தக் கூடாது, எதையும் ஊதக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம், ஆனால் அதற்கு ஆதாரம் மெலிதுதான். இனி ஃபிளாப் திறந்த இடத்தில் காற்று பின்பக்கம் வெளியேறும் சர்ஜிக்கல் ஹேண்ட்பீஸ் அல்லது மோட்டாரில் ஓடும் ஸ்ட்ரெய்ட் ஹேண்ட்பீஸ் பயன்படுத்துங்கள். வேறு எதையும் வாங்க முடியாவிட்டாலும் இதை வாங்குங்கள் என்பேன்.

டென்டல் யூனிட் தண்ணீரால் நோய் வரும் என்பது மிகைதானே?

மிகை என்று நினைத்தவர்களுக்கு 2012ல் லான்செட்டில் வந்த ஒரு கேஸ் ரிப்போர்ட் பதில் சொன்னது. இத்தாலியில் 82 வயதுப் பெண் லீஜியோனெல்லா நிமோனியாவில் இறந்தார். கிருமி உடலுக்குள் வளரும் நாட்களில் அவர் வீட்டை விட்டு வெளியே போனது பல் மருத்துவரிடம் மட்டுமே. வீட்டுத் தண்ணீரில் கிருமி இல்லை. கிளினிக் யூனிட்டின் தண்ணீரில் கிடைத்த கிருமியும் அவர் நுரையீரலில் இருந்ததும் மரபணு வகையில் ஒன்றாக இருந்தன.

பிறகு குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 2015ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் 2016ல் கலிபோர்னியாவிலும் பால் பல்லில் பல்ப்பாட்டமி (பல்லுக்குள் இருக்கும் உயிர்த்திசுவான பல்ப்பின் மேல்பகுதியை மட்டும் எடுப்பது) செய்துகொண்ட குழந்தைகளுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்று கூட்டமாக வந்தது. யூனிட் தண்ணீர் நேராகப் பல்ப் அறைக்குள் போனதுதான் வழி. சில குழந்தைகளுக்குத் தாடையெலும்பின் ஒரு பகுதியையும் முளைக்காத நிரந்தரப் பற்களையும் எடுக்க வேண்டி வந்தது.

சாதாரண சிகிச்சைக்கு யூனிட் தண்ணீரில் ஒரு மில்லி லிட்டருக்கு 500 பாக்டீரியா காலனிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரம்பு. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 விநாடி தண்ணீரை ஓடவிடுவது நல்லதுதான். ஆனால் குழாயின் உட்சுவரில் படிந்த பயோஃபிலிம் (கிருமிப் படலம்) அதற்கெல்லாம் அசையாது. மருந்து போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், செய்த பிறகு தண்ணீரைச் சோதிக்கவும் வேண்டும். சோதிக்காமல் "சுத்தமாக வைத்திருக்கிறோம்" என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. எலும்பைத் திறக்கும் வேலைக்கு ஸ்டெரைல் சலைன்தான்.

ஆழமான சொத்தையில் எவ்வளவு சுரண்டுவது? கடினமான டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள பகுதி) வரும்வரை என்றுதான் பழகியிருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் மாற்றச் சொல்வேன்.

ப்யோர்ன்டால் குழு 2010ல் வெளியிட்ட சோதனையில் ஆழமான சொத்தையுள்ள 314 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு முழுச் சொத்தையையும் ஒரே தடவையில் எடுத்தார்கள். மற்ற அணிக்குக் கொஞ்சம் விட்டு அடைத்து, சில வாரம் கழித்துத் திறந்து மீதியை எடுத்தார்கள். ஓராண்டில் பல்ப் திறக்காமல் உயிரோடு இருந்தது முதல் அணியில் 62.4%, இரண்டாவதில் 74.1%. நூறு பேருக்குச் சுமார் 12 பேர் வித்தியாசம். அதாவது எட்டு, ஒன்பது பேரிடம் முறையை மாற்றினால் ஒரு பல்ப் தப்புகிறது. பல் மருத்துவத்தில் இது பெரிய எண்.

பிரேசிலில் மால்ட்ஸ் குழு இன்னும் ஒரு படி போனது: மீண்டும் திறக்கவே வேண்டாம், ஒரே அமர்வில் மென்மையான டென்டினைப் பல்ப் பக்கம் விட்டுவிட்டு நிரந்தரமாக அடைத்துவிட்டால் என்ன? 5 ஆண்டில் உயிரோடு இருந்த பல்ப் 80%. இரண்டு அமர்வு முறையில் 56%. இங்கே கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டாவது அமர்வுக்குப் பலர் திரும்பி வரவில்லை, தற்காலிக அடைப்போடே இருந்துவிட்டார்கள். தோல்விகள் பெரும்பாலும் அவர்களிடம்தான். ஆக இரண்டு அமர்வு முறை அறிவியலில் தோற்றது என்பதைவிட, நோயாளி திரும்பி வருவார் என்ற நம்பிக்கை தோற்றது என்பேன். பொது கிளினிக்குக்கு அந்தப் பாடம் இன்னும் பொருத்தம்.

2019ல் ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கமும் 2023ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் இதே திசையில்தான் வழிகாட்டுதல் தந்தன. செய்யும்போது சுற்றுச் சுவரிலும் எனாமல் விளிம்பிலும் எந்தச் சமரசமும் கூடாது; எக்ஸ்கவேட்டரைப் போட்டால் கீச்சென்று சத்தம் வரும் கடின டென்டின் தெரிய வேண்டும், அங்கேதான் பாண்டிங் பிடிக்கும். பல்ப்பின் மேல் மட்டும் தோல் போலக் கிழிபடும் அல்லது ஈரமாக வழித்தெடுக்க வரும் டென்டின் இருக்கலாம். அடைப்பு கசியாமல் இருந்தால் அடியில் மாட்டிய கிருமிக்குத் தீனி கிடைக்காது. தன்னிச்சையாக வரும் வலி, இரவு வலி, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருமை இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. மீதி விட்டதைக் கார்டில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர் "பழைய டாக்டர் சொத்தையை எடுக்காமலே அடைத்திருக்கிறார்" என்பார்.

இரவு முழுக்க வலித்த வளர்ந்தவரின் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனாலுக்குப் பதில் பல்ப்பாட்டமி போதும் என்கிறார்களே?

சிலருக்குப் போதும் என்று காட்டும் ஆதாரம் சேர்ந்துகொண்டே வருகிறது. ஈரானில் அஸ்கரி குழு மீளாத பல்ப் அழற்சி என்று கணித்த 407 கடைவாய்ப்பற்களைப் பிரித்துச் செய்த சோதனையில், 5 ஆண்டு வெற்றி பல்ப்பாட்டமிக்கு 78%, ரூட் கெனாலுக்கு 75%. குறை என்னவென்றால், 5ஆம் ஆண்டில் பார்க்கக் கிடைத்தவர்கள் தொடங்கியவர்களைவிட நிறையக் குறைவு. வராதவர்களின் பல் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இந்த எண்களை அப்படியே நோயாளியிடம் சொல்லக் கூடாது. 2021ல் அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் சங்கமும் உயிருள்ள பல்ப்பைக் காக்கும் சிகிச்சைக்குக் கதவைத் திறந்து அறிக்கை வெளியிட்டது. "மீளாத" என்ற கணிப்பே வலியை வைத்துச் செய்ததுதான், கெனாலுக்குள் உள்ள திசு இன்னும் நன்றாக இருக்கலாம் என்பதே வாதம்.

பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் டேம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அறையிலுள்ள பல்ப்பைப் புது பர்ரால் எடுத்து, ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்துங்கள். சில நிமிடத்தில் எல்லா கெனால் வாயிலும் ரத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், அல்லது ஒரு கெனாலில் ரத்தமே வரவில்லையென்றால், ரூட் கெனாலுக்குப் போங்கள். நின்றால் பல்ப்பை மூடும் சிமென்டான எம்.டி.ஏ அல்லது பயோடென்டின் வைத்து, முடிந்தால் அன்றே நிரந்தரமாக அடையுங்கள். முன்பல்லில் பழைய எம்.டி.ஏ வேண்டாம், அதிலுள்ள பிஸ்மத் ஆக்சைடு பல்லைச் சாம்பல் நிறமாக்கும். ஆறாம் மாதமும் ஓராண்டிலும் எக்ஸ்ரே எடுக்க வராதவருக்கு இது ஏற்ற சிகிச்சை இல்லை.

குழந்தைகளின் பால் பல்லுக்கு ஹால் முறை, எஸ்.டி.எஃப் (சொத்தையில் பூசும் சில்வர் டையமைன் ஃப்ளோரைடு) என்கிறார்கள். பல் மருத்துவம் செய்யாமல் ஒதுங்குவதற்கு இது சாக்கா?

ஹால் முறையில் மரப்பு ஊசி இல்லை, சொத்தையைச் சுரண்டுவதும் இல்லை. உலோக கிரவுனை கிளாஸ் அயனோமர் வைத்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். சாக்காகத் தெரிவதில் வியப்பில்லை. ஸ்காட்லாந்தில் பொதுப் பல் மருத்துவர்களே செய்த இன்னெஸ் குழுச் சோதனையில் 132 குழந்தைகள். ஒரே குழந்தைக்கு ஒரு பல்லில் ஹால் கிரவுன், இன்னொன்றில் வழக்கமான அடைப்பு. 5 ஆண்டில் சீழ் போன்ற பெரிய தோல்வி ஹால் பக்கம் 3%, அடைப்புப் பக்கம் 16.5%. செய்தவர்கள் உங்களைப் போன்றவர்கள், செய்த இடம் கிளினிக் என்பதால் இந்த எண்ணை நம்பலாம்.

பிறகு பிரிட்டனில் நடந்த ஃபிக்‌ஷன் சோதனை உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கியது. ஏற்கனவே சொத்தையுள்ள 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 1144 பேர், மூன்று அணிகள். ஒரு தடவையாவது வலியோ தொற்றோ வந்தவர்கள் வழக்கமான அடைப்பு அணியில் 42%, ஹால் போன்ற முறைகளில் 40%, தடுப்பு மட்டும் செய்ததில் 45%. எந்த முறையும் இன்னொன்றை வெல்லவில்லை, எந்த அணியிலும் பத்தில் நான்கு குழந்தைகள் தப்பவில்லை. சொத்தை விழுந்த பிறகு நாம் செய்வதற்கு எல்லை இருக்கிறது என்று படிப்பதுதான் நேர்மை.

எஸ்.டி.எஃப் 38% திரவம் 2021ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. நியூயார்க் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் செய்த கேரீட் அவே சோதனையில் பல் குழிகளை மூடும் சீலன்ட்டுக்கு அது பின்தங்கவில்லை. சொத்தை கருத்துப்போகும். கருத்த பல்லின் படத்தைப் பெற்றோரிடம் முதலிலேயே காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பூசிய பிறகு விளக்கினால் சண்டைதான். வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்கும் பல்ப் திறந்த பல்லுக்கும் கூடாது.

பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக்?

காய்ச்சல், உடல் தளர்ச்சி, பரவும் வீக்கம் இல்லாத, எதிர்ப்பு சக்தி சரியாக உள்ள வளர்ந்தவருக்கு வேண்டாம். உடனே சிகிச்சை செய்ய முடிகிற இடத்தில் பல்ப் அழற்சிக்கும் அந்தப் பல்லோடு நிற்கும் சீழுக்கும்கூட வேண்டாம் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். இதய உள்ளுறைத் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் விஷயத்தில் ஒரு மாற்றம்: பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குக் கிளின்டாமைசின் இனி இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021ல் சொல்லிவிட்டது. ஒரே ஒரு டோஸ்கூடக் கடுமையான குடல் அழற்சியைக் கொண்டுவரலாம் என்பது காரணம். ஒவ்வாமை இல்லாதவருக்கு அதே பழைய 2 கிராம் அமாக்சிசிலின், 30 முதல் 60 நிமிடம் முன்னால்.

ஞானப்பல் எடுத்த பிறகு வலிக்கு ஓபியாய்டு (போதை வகை வலி மருந்து) தேவையா?

2025ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 1815 பேர். இபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாரசிட்டமால் 500 மி.கி.யும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் முதல் நாளும் அன்றிரவும் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டுக் கலவை எடுத்தவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இவை இருந்தால் இபுப்ரோஃபெனை யோசித்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கு இது முடிந்துபோன விவாதம்.

ஈறு சிகிச்சை சர்க்கரையைக் குறைக்கும் என்கிறது ஓர் ஆய்வு, இல்லை என்கிறது இன்னொன்று. யாரை நம்புவது?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆய்வு படிக்கும் கலையில் பாதி வந்துவிடும்.

2013ல் ஜாமாவில் வந்த அமெரிக்கச் சோதனை: டைப் 2 நீரிழிவுள்ள 514 பேர், 6 மாதம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவில் பலன் இல்லை. 2018ல் லண்டனில் டி'அயூடோ குழு: 264 பேர், 12 மாதம், தீவிர ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கு 0.6 அளவு கூடுதலாகக் குறைந்தது. சாதாரணமாக இரண்டாவது சர்க்கரை மாத்திரை சேர்த்தால் கிடைப்பதற்கு இது ரொம்பத் தூரமில்லை.

இப்போது முறைகளைப் பாருங்கள். அமெரிக்கச் சோதனையில் சேர்ந்தவர்களின் எச்.பி.ஏ1சி 7க்கும் 9க்கும் இடையில். பலருக்கு ஏற்கனவே ஓரளவு கட்டுப்பாடு இருந்தது, குறைய இடம் குறைவு. சிகிச்சை என்பது ஸ்கேலிங், ரூட் பிளேனிங், மவுத்வாஷ், பராமரிப்பு. அதற்குப் பிறகும் ப்ளாக் என்ற பற்படலமும் ஈறு ரத்தக் கசிவும் போதிய அளவு இறங்கவில்லை என்று ஈறு நிபுணர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அழற்சியே அடங்காத வாயில் சர்க்கரை இறங்கவில்லை என்பது எதை நிரூபிக்கிறது? லண்டனில் தேவைப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையும் செய்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரவழைத்தார்கள். அதாவது அங்கே ஈறு உண்மையிலேயே ஆறியது. ஆனால் அது ஒரே மையம், அவ்வளவு உழைப்பு எல்லாக் கிளினிக்கிலும் நடக்காது.

2022ல் ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 35 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, 3 முதல் 4 மாதத்தில் 0.43, 6 மாதத்தில் 0.30 குறைகிறது என்றது. ஆக நோயாளியிடம் சொல்ல வேண்டியது: ஈறு ஆறினால் சர்க்கரைக்கும் கொஞ்சம் உதவும், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஒரு தடவை ஸ்கேலிங் செய்துவிட்டு இந்த எண்ணைச் சொல்வது தப்பு.

எந்த ஆய்விலும் இதே வரிசையில் கேளுங்கள்: யார் நோயாளிகள், யார் செய்தார்கள், உண்மையில் என்ன செய்தார்கள், எண்ணியது பல்லையா எக்ஸ்ரேயில் உள்ள நிழலையா, கடைசி வரை எத்தனை பேர் இருந்தார்கள். சுருக்கத்தின் கடைசி வரியைக் கடைசியாகப் படியுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப், ஸ்கேலிங் என்பதற்கு ஆதாரம் உண்டா?

நமக்கு வசதியான பதில் இல்லை. பிரிட்டனில் 63 கிளினிக்குகளில் 1877 பேரிடம் நடந்த சோதனையில் ஆறு மாத ஸ்கேலிங், ஓராண்டு ஸ்கேலிங், ஸ்கேலிங்கே இல்லாமல் விட்டது மூன்றுக்கும் 3 ஆண்டில் ஈறு ரத்தக் கசிவில் வித்தியாசம் இல்லை. 2020ல் வந்த இன்டர்வல் சோதனையில் 2372 பேர், 4 ஆண்டு. ஆறு மாத அழைப்பும் ஆளுக்கேற்ற அழைப்பும் ஒரே முடிவு தந்தன, ஆபத்து குறைந்தவர்களுக்கு 24 மாதமும் அப்படியே. ஆனால் இவர்கள் எல்லாம் ஒழுங்காக வந்துபோகும் நோயாளிகள், முற்றிய ஈறு நோய் இல்லாதவர்கள். வலி வந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு, புகைப்பவருக்கு, பெரியோடான்டைட்டிஸ் (முற்றிய ஈறு நோய்) சிகிச்சை முடித்தவருக்கு இதை நீட்டக் கூடாது.

நோயாளியின் மற்ற மருந்துகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஈறு தடித்து வளர்வதற்கு வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் காரணம் என்று 1939லேயே ரிப்போர்ட் வந்தது. ரத்த அழுத்த மருந்தான நிஃபெடிபின் 1984ல், பிறகு அம்லோடிபின். புதிதாக ஒன்று: ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கும் வலிக்கும் தரும், வாயில் கரையவிடும் புப்ரினார்ஃபின். பல் சிதைவு பற்றி 305 ரிப்போர்ட்டுகள் சேர்ந்த பிறகு 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மருந்து கரைந்ததும் தண்ணீரால் மெல்லக் கொப்பளித்து விழுங்க வேண்டும், ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது பலருக்கு உயிர் காக்கும் மருந்து.

பல் திரும்ப முளைக்க மருந்து வந்துவிட்டதா என்று நோயாளிகள் கேட்கிறார்கள்.

வரவில்லை. யூ.எஸ்.ஏ.ஜி-1 என்ற புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடி எலியிலும் ஃபெரெட்டிலும் பல் வளர்த்தது. 2024ல் கியோத்தோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதரிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது: கடைவாய்ப்பல் ஒன்றாவது இல்லாத, 30 முதல் 64 வயது ஆண்கள் 30 பேர். பாதுகாப்பைப் பார்ப்பதுதான் நோக்கம். பிறவியிலேயே பல் இல்லாத குழந்தைகளுக்காக ஆரம்பித்த வேலை அது. இம்பிளான்டைத் தள்ளிப்போட இது காரணம் ஆகாது.

வாட்ஸ்ஆப் குழுவில் வரும் கேஸ் படங்களை நம்பலாமா?

அன்றைக்கே எடுத்த படம் கையின் திறமையைக் காட்டும். பல் நின்றதா என்பது தெரிய ஓராண்டுப் படம் வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள், குழு அமைதியாகிவிடும்.

நானே ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதலாமா? பெரிய மருத்துவமனையில் இல்லையே?

மார்க்ஸ் பார்த்தது போன்ற நோயாளி முதலில் வந்து உட்காருவது பொது கிளினிக்கில்தான். 2013ல் வெளியான கேர் வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டியதை வரிசையாகச் சொல்லும். காலவரிசை, வேறு என்னவெல்லாம் நினைத்தீர்கள் என்பது, நோயாளி தன் வார்த்தையில் சொன்னது மூன்றையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு வரியும் அனுப்பாதீர்கள். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடாது. தேதிகளை அப்படியே போடாமல் "மூன்றாம் நாள்", "எட்டாம் வாரம்" என்று எழுதுங்கள். படம் எடுப்பதில் ஒரே கோணம், ஒரே வெளிச்சம். முதல் நாளே எடுத்த படம் இல்லாமல்தான் பாதி ரிப்போர்ட்டுகள் செத்துப்போகின்றன. எனவே வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால், எழுதப்போகிறோமா இல்லையா என்று யோசிக்கும் முன்பே ரிட்ராக்டர் போட்டு இரண்டு படம் எடுத்து வையுங்கள். "உலகிலேயே முதன்முறை" என்று தலைப்பு வைக்கும் முன் ஒரு மணி நேரம் தேடுங்கள். அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டு பணம் கேட்கும் இதழுக்குக் கொடுக்காதீர்கள். தோற்ற சிகிச்சையையும் எழுதுங்கள். அப்படிப்பட்ட ரிப்போர்ட் ஒன்றுக்கு வெற்றி ரிப்போர்ட் நூறு வருகிறது.